பேனா நின்ற இடம்

"மனசில்லாம எழுதினா பேப்பருக்குத் தெரியுமாம்மா?"

பெனிட்டா இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. வகுப்பில் வாய் ஓயாமல் பேசியதற்காக, 'இனிமேல் பேச மாட்டேன்' என்று நூறு முறை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். எழுதி முடித்த பக்கத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று உற்றுப் பார்த்தாள். பேப்பருக்குத் தெரியாது, கர்த்தருக்குத் தெரியும் என்றாள் அவள் அம்மா கிருபாமணி. குழந்தைக்கு அது பெரிய ஆறுதலாகப் போயிற்று. கர்த்தர் டீச்சரிடம் போய்ச் சொல்ல மாட்டார் என்பது அவளுக்கு நிச்சயம்.

பெனிட்டா வளர்ந்து பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு, பேப்பருக்கும் தெரிகிற காலம் வந்தது.

கிருபாமணி நோட்டரி வக்கீல். பாளையங்கோட்டையில் அவள் வீட்டு முன்னறைதான் அலுவலகம். ஒரு மேஜை, வருகிறவர்களுக்கு நான்கு நாற்காலி, சுவரில் பைபிள் வசனக் காலண்டர், மூலையில் இருமிக்கொண்டே வேலை பார்க்கும் ஒரு பழைய பிரிண்டர். அதன் ஸ்கேனர் மூடி உடைந்து போனதால், எதை ஸ்கேன் செய்தாலும் மேலே கனத்த சட்டப் புத்தகம் ஒன்றைத் தூக்கி வைக்க வேண்டும். வக்கீலம்மா இந்தப் புத்தகத்தைப் புரட்டுவதைவிடத் தூக்குவதுதான் அதிகம் என்று மீரான் கேலி செய்வான்.

மீரான் மேலப்பாளையத்துக்காரன். பிரிண்டரும் ஸ்கேனரும் விற்பான், ரிப்பேரும் பார்ப்பான். நாற்பதைத் தாண்டியவன். விற்பதற்காகக்கூடப் பொய் சொல்ல வராது. அது அவன் தொழிலுக்குப் பெரிய நஷ்டம் என்று அவன் மனைவியே சொல்லுவாளாம். பழைய மெஷினை இனிமேல் தேற்ற முடியாது என்று ஆனபோது, அவன் முதலில் செய்தது டேப்பை எடுத்து மேஜையை அளந்ததுதான். எல்லோரும் மெஷினை வாங்கி வந்த பிறகே மேஜையைப் பார்க்கிறார்களாம். மூடியைத் திறக்க மேலே இடமில்லாமல், அலமாரிக்கு அடியில் மெஷினை வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டுத் திட்டுகிறார்களாம்.

பிறகு கேள்விகள் கேட்டான். பிரிண்ட் எடுப்பது அதிகமா, ஸ்கேன் செய்வது அதிகமா? வருவது புதுத் தாளா, பழைய பத்திரமா? தினமும் ஓடுமா, வாரத்தில் பாதி நாள் சும்மா கிடக்குமா?

"சும்மா கிடக்கும்னா மை மெஷின் வேண்டாம் வக்கீலம்மா. ரெண்டு நாள் யாரும் கண்டுக்கலேன்னா அதுக்கு மூக்கடைச்சுக்கிடும். பவுடர்ல ஓடுத லேசர்தான் உங்களுக்குச் சரி. தாளைத் தானா இழுத்துக்கிட்டுப் போற ஸ்கேனர் வேகமாத்தான் இருக்கும். ஆனா உங்ககிட்ட வாரது அந்தக் காலத்துப் பத்திரம். மடிப்புல கிழிஞ்சு போச்சுன்னா யாரு பதில் சொல்லுதது? கண்ணாடி மேல படுக்க வைக்கிற மாதிரி இருக்கணும்."

அச்சு, ஸ்கேன், நகல் எல்லாம் ஒன்றாகச் செய்யும் மெஷினைப் பற்றிக் கேட்டாள். இடம் மிச்சம், ஆனால் அதில் ஒன்று படுத்தால் எல்லாம் சேர்ந்து படுத்துவிடும் என்றான். அவள் லேசர் பிரிண்டர் ஒன்றையும் தனி ஸ்கேனர் ஒன்றையும் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டாள். அப்போதுதான் மீரான் கொஞ்சம் தயங்கி, சாட்சியைப் பற்றிச் சொன்னான்.

சாட்சி என்பது அந்த மெஷினின் பெயர். அதுவும் எல்லாம் செய்யும் மெஷின்தான். கூடவே, கையால் எழுதிய தாளை அதன் கண்ணாடியில் வைத்தால், எழுதியவர் மனம் ஒப்பி எழுதினாரா என்று சொல்லும். சொத்தை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம், பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் சம்மதம், உடலுறுப்பு தானம் ஆகிய மூன்றுக்கும் சம்மதிப்பவர் தன் கைப்பட எழுத வேண்டும், அதற்கு இப்படிப்பட்ட மெஷினின் சீட்டும் வேண்டும் என்று புதிதாக உத்தரவு வந்திருந்தது.

அது எப்படித் தெரியும் என்று கிருபாமணி கேட்டாள்.

"தாள்ல எல்லாம் பதிஞ்சிருக்கும். பேனா நின்ன இடத்துல மை கூட ஊறியிருக்கும். அழுத்தின இடத்துல பின்பக்கம் புடைச்சிருக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும். லட்சக்கணக்கான கையெழுத்தைப் பாத்துப் படிச்சிருக்கு. நீங்களே எழுதிப் பாருங்களேன். முதல்ல காபி பிடிக்கும்னு எழுதுங்க. அடுத்தது உப்புமா பிடிக்கும்னு எழுதுங்க."

அவன் கடையில் வைத்து அவள் இரண்டையும் எழுதினாள். மெஷின் முதல் தாளுக்கு 'மனம் ஒப்பியது' என்று சீட்டு அச்சடித்தது. இரண்டாவதற்கு 'மனம் ஒப்பவில்லை' என்றது. கிருபாமணி நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். விலையும் பார்க்கவில்லை, அன்றே எடுத்துக்கொண்டாள். அலுவலகத்துக்கு அவ்வளவு பெரிய மெஷின் தேவையா என்று மீரானே கேட்டான். இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள்.

அந்த மெஷினைக் குறை சொல்ல முடியாது. வந்த மாதமே ஒரு பெண்ணைக் காப்பாற்றியது. அண்ணன்மார் மூன்று பேர் தங்கையை அழைத்து வந்திருந்தார்கள். அப்பா வீட்டில் தனக்குள்ள பங்கை விட்டுக்கொடுப்பதாக அவள் சிரித்த முகத்தோடு எழுதினாள். நல்ல எழுத்து, ஓர் அடித்தல் இல்லை. கிருபாமணி முத்திரையை எடுத்தே விட்டாள். மெஷின் 'மனம் ஒப்பவில்லை' என்றது. அதைச் சத்தமாக வாசித்ததும் அந்தப் பெண்ணின் சிரிப்பு கலைந்தது. அண்ணன்மார் தலை குனிந்தார்கள். கடைசியில், தங்கைக்குக் கிணற்றடியோடு சேர்ந்த பாகம் என்று பேசி முடித்துவிட்டுப் போனார்கள். அன்றிரவு ஜெபத்தில் கிருபாமணி மெஷினைச் செய்தவர்களின் கைகளுக்காகவும் நன்றி சொன்னாள். அது முதல், சீட்டை எல்லோர் முன்னும் சத்தமாக வாசிப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டாள். உண்மையை மறைவாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தாள்.

கோமு அம்மாளும் அவள் கணவர் ஆறுமுகநயினாரும் அதற்குச் சில வாரங்கள் கழித்து வந்தார்கள். முக்கூடல்காரர்கள். நயினார் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, டயாலிசிஸ் ஊசி குத்தக் கையில் இனி நரம்பு இல்லை என்று டாக்டர் சொல்லும் நிலைக்கு வந்திருந்தார். பீடி சுற்றும் கோமு தன் சிறுநீரகம் ஒன்றைத் தருகிறாள். ரத்தம் பொருந்திவிட்டது, ஆஸ்பத்திரியில் நாள் குறிக்கக் காத்திருக்கிறார்கள். சம்மதத் தாளும் சீட்டும் போய்ச் சேர்ந்தால் போதும்.

கோமு எட்டாவது வரை படித்தவள். கிருபாமணி சொல்லச் சொல்ல எழுதினாள். என் கணவர் ஆறுமுகநயினாருக்கு என் சிறுநீரகம் ஒன்றை மனமுவந்து தருகிறேன். எழுதி முடித்து, மையை ஊதிக் காய வைத்து, பிள்ளையைத் தூக்கிக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் தாளை நீட்டினாள்.

வெளிச்சக் கோடு கண்ணாடியின் அடியில் ஒரு முறை ஓடியது. சீட்டு வந்தது. கிருபாமணி வழக்கம்போல் சத்தமாக வாசித்தாள்.

"மனம் ஒப்பவில்லை."

கோமுவுக்கு அது என்னவென்றே புரியவில்லை. நயினாருக்குப் புரிந்தது. அவர் மனைவியைப் பார்க்காமல், கையில் இருந்த துண்டை மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார்.

"மெஷினு பொய் சொல்லாதாம்மா?" என்று கேட்டார்.

சொல்லாது என்றுதான் அதுவரை கிருபாமணி நினைத்திருந்தாள். அவள் பதில் சொல்வதற்குள் அவரே எழுந்துவிட்டார்.

"விடுங்க. அவளுக்குப் பயமா இருக்கும், பாவம். வாய்விட்டுச் சொல்லத் தெரியல. மனசில்லாம ஒருத்தி அறுத்துக் குடுத்து நான் இருந்து என்ன செய்யப் போறேன்?"

கோமு அழுதாள், தாலியைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள். அவர் கோபப்படவே இல்லை. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துப் படியிறக்கி, பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்து அழைத்துப் போனாராம். முப்பது வருட வாழ்க்கைக்கு நடுவில் ஒரு துண்டுச் சீட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. அதை வாசித்த வாய் தன்னுடையது என்ற நினைப்பில், கிருபாமணிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை கோமு தனியாக வந்தாள். அவர் ஊசிக்கே போக மாட்டேன் என்கிறாராம். ஒரு தடவைதான் மறுபடி எழுத அனுமதி உண்டு, அதிலும் தவறினால் அதற்குப் பிறகு வழியில்லை என்று கிருபாமணி விளக்கினாள். சீட்டு அச்சாகும்போதே அரசாங்கக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். வக்கீல் சொல்லும் வார்த்தைக்கு அங்கே இடமில்லை.

அடுத்த ஊசி எப்போது என்று கேட்டாள்.

"வார அஞ்சாந்தேதிக்கு மறுநாளும்மா."

"ஆறாந்தேதியா?"

கோமு தலையாட்டினாள். என்ன நேரத்துக்கு என்று கேட்டதற்கு, அஞ்சரைக்கு மேலே, ஏழுக்கு உள்ளே என்றாள். எந்த வழியாகப் போவீர்கள் என்றதற்கு, எங்க ஊர்ல தண்ணி ஓடுதுல்லா, அந்தப் பாலத்து மேலே என்றாள்.

கிருபாமணி பேனாவைக் கீழே வைத்தாள். பாலத்துக்கு அடியில் ஓடுவதற்கு என்ன பெயர் என்று மெதுவாகக் கேட்டாள். கோமு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்த அழுகைக்கு நடுவிலும் அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது.

"அது எங்க வீட்டுக்காரங்க பேர்ல வருதும்மா. நான் சொல்ல மாட்டேன்."

வாயால் சொல்லாத பெயரை நேற்று எப்படி எழுதினாய் என்று கேட்டாள்.

"வேற வழியில்லைன்னுதான் எழுதினேன். அந்த இடம் வந்ததும் பேனாவ நிறுத்தி, மனசுக்குள்ள ஒரு தடவை மன்னிப்பு கேட்டுக்கிட்டேன். அப்புறம்தான் எழுதுனேன். எழுத்து கோணிரக் கூடாதேன்னு பாத்துப் பாத்து எழுதுனேன்."

கிருபாமணி தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். 'என் கணவர்' என்பதற்குப் பிறகு, பெயருக்கு முன்னால், கடுகளவு ஒரு மைப்பொட்டு இருந்தது. ஒரு மனைவி தன் கணவனை எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறாள் என்பதற்கு அந்தப் பொட்டுதான் அடையாளம். மெஷின் அதைப் பயம் என்று படித்துவிட்டது.

மீரானை வரச் சொன்னாள். அவன் தாளையும் சீட்டையும் பார்த்தான். கோமு சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தான். அடுத்த நிமிஷம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இத யாரும் அதுக்குச் சொல்லிக் குடுக்கலையே வக்கீலம்மா. அது படிச்ச கையெழுத்தெல்லாம் எந்தெந்த ஊரோ. அங்கெல்லாம் புருசன் பேர எழுதப் பொம்பளை எதுக்கு நிக்கப் போறா? நின்னா பயந்துட்டான்னுதான் அர்த்தம் எடுத்துக்கிடும்."

இனிமேல் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றான். அந்தந்த ஊர்க் கைக்கு மெஷினைப் பழக்க வழி வைத்திருக்கிறார்கள். இப்படி மரியாதைக்காகப் பேனாவை நிறுத்தும் பெண்களின் தாள்கள் கொஞ்சம் வேண்டும். கோமுவுக்கு முகம் தெளிந்தது. நான் நிறையப் பேரைக் கூட்டி வருகிறேன் என்றாள்.

"பொறுங்கக்கா, முழுசும் கேளுங்க" என்றான் மீரான். "மரியாதைய மட்டும் காட்டினா, பேருக்கு முன்னால நிக்கிற எல்லாத்தையும் மரியாதைன்னு எடுத்துக்கிடும். நாளைக்கு ஒருத்தன் பொண்டாட்டிய அடிச்சு இழுத்துட்டு வந்து எழுத வைப்பான். அவளும் அந்த இடத்துல நிப்பா. இது மனம் ஒப்பியதுன்னு சீட்டுக் குடுத்துரும். அந்தப் பாவத்த நான் செய்ய மாட்டேன். பயந்து நின்ன கையும் ஒண்ணு வேணும். ஒண்ணே ஒண்ணு போதும். ஆனா நிஜமா இருக்கணும். நடிச்சா கண்டுபிடிச்சிரும்."

அப்படி யார் எழுதித் தருவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேள்வி அறைக்குள் நின்றுகொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து கோமு தன்னோடு பீடி சுற்றும் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். யாருக்காக என்று கேட்டார்கள், நயினார் அண்ணாச்சிக்கு என்றதும் பஸ் ஏறிவிட்டார்கள். இப்படிப்பட்டவர்களைக் கொண்டுதான் கடவுள் உலகத்தை நடத்துகிறார் என்று கிருபாமணி நினைத்தாள். நாற்காலி போதாமல் தரையில் உட்கார்ந்தார்கள். முன்னறை கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

பால்பாண்டியின் மனைவி, டீ கேட்கும்போது அதில் 'வெள்ளை' ஊற்றாமல் தாருங்கள் என்றாள். அந்த 'வெள்ளை' என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அவளைக் கேலி செய்வதற்காகவே ஒவ்வொருத்தியாக விளக்கம் கேட்டார்கள். சுயம்புவின் மனைவி மட்டும் எழுதும்போது எங்கேயும் நிற்கவில்லை. ஒரே இழுப்பில் எழுதிவிட்டாள்.

"ஏட்டி, ஒனக்கு மரியாதையே கிடையாதா?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

"தெனமும் சாராயக் கடை வாசல்ல நின்னு கத்திக் கூப்பிடுத பேரு. அதுக்கு என்ன மரியாதை?"

உன் தாள் செல்லாது, டீயைக் குடித்துவிட்டு ஓரமாக உட்கார் என்று அவளை அனுப்பினார்கள். அவள் கவலைப்படவில்லை.

"வக்கீலம்மா மட்டும் என்ன?" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். "பெனிட்டா அப்பா, பெனிட்டா அப்பான்னுதான் சொல்லுவாங்க. அய்யா போய்ச் சேந்து எத்தனை வருசமாச்சு. இன்னைக்கு வரை பேரு சொல்லிக் கேட்டதில்லன்னு இந்தத் தெருவே சொல்லுது. படிச்சவங்களும் நம்மள மாதிரிதான்."

கிருபாமணி சிரித்துக்கொண்டே, வெற்றுத் தாள்களை எண்ணி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எழுத வேண்டியது ஒரே வரி. நான் இன்னாரின் மனைவி, இதை என் கையால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அவள் மேஜையில் இரண்டு தட்டுகளை வைத்தாள். பேனா மரியாதையால் நின்றிருந்தால் இடது தட்டு, வேறு காரணத்தால் நின்றிருந்தால் வலது தட்டு. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம், நான் உள்ளே போகிறேன், ஒவ்வொருவராக வந்து வைத்துவிட்டு வாசலுக்குப் போங்கள் என்றாள். மெஷினுக்குப் பெயர் போகாது, எழுத்தின் அழுத்தம் மட்டும்தான் போகும் என்றும் சொன்னாள்.

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனாலும் ஒரு கை கண்ணில் பட்டுவிட்டது. ஒல்லியான, புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தியின் கை, வலது தட்டின் மேல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு இடது தட்டுக்குப் போய்விட்டது.

எல்லோரும் போன பிறகு வலது தட்டு வெறுமையாக இருந்தது. தாளில்தான் கணவன் பெயர் இருக்கிறதே, எப்படி வைப்பார்கள்? கிருபாமணி இடது தட்டில் மேலாகக் கிடந்த அந்தப் பெண்ணின் தாளை மட்டும் தனியே எடுத்தாள். அதை வலது தட்டில் வைக்கத் தனக்கு உரிமையில்லை என்று பட்டது. நான்காக மடித்து, வாசலுக்கு ஓடி, பஸ் ஸ்டாப்பில் நின்ற அவளிடம் கொடுத்தாள். இது எனக்குத் தேவைப்படவில்லை தாயி, என் போன் நம்பர் பின்னால் எழுதியிருக்கிறேன், எந்த நேரமானாலும் வா என்றாள். அந்தப் பெண் தாளை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, சரி என்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் மீரான் வந்து பார்த்தபோது மெஷினுக்குள் தாள்கள் ஏறியிருந்தன. மரியாதை என்ற பக்கத்தில் ஒரு கட்டு. பயம் என்ற பக்கத்தில் ஒன்றே ஒன்று. யார் கொடுத்தது என்று கேட்டான். ஒரு பொம்பளை கொடுத்தாள் என்றாள் கிருபாமணி. அவன் மேலே கேட்கவில்லை. நல்ல மனுசி, ஆண்டவன் அவளுக்கு நல்லது செய்யட்டும் என்று மட்டும் சொன்னான்.

மெஷின் பழகிக்கொள்ள ஒரு ராத்திரி ஆயிற்று. அது கண்டுபிடித்ததை மீரான் திரையில் பார்த்துச் சொன்னபோது அவன் குரலே மாறியிருந்தது.

"எவ்வளவு அழகாப் புரிஞ்சுக்கிட்டிருக்கு பாருங்க வக்கீலம்மா. நிக்கிறது ரெண்டு பேரும் நிக்கிறாங்க. அதுல வித்தியாசம் இல்லை. அதுக்கப்புறம்தான் இருக்கு. மரியாதைக்கு நின்ன கை, பேர நிதானமா, கோலம் போடுத மாதிரி எழுதுது. பயந்து நின்ன கை, அந்தப் பேரத் தாண்டி ஓடப் பாக்குது. அந்த ஒத்தத் தாள் இல்லேன்னா இது விளங்கியே இருக்காது."

நயினார் வர மறுத்தார். கோமுவுக்காக இல்லாவிட்டாலும் எனக்காக ஒரு தடவை வாருங்கள் என்று கிருபாமணி போனில் கெஞ்சிக் கேட்டுக்கொண்ட பிறகு வந்தார். முகம் வீங்கியிருந்தது. மனைவி பக்கத்தில் உட்காராமல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கிருபாமணி அவரிடம் எதையும் விளக்கவில்லை. கோமுவிடம் திரும்பி, அஞ்சுக்கு அடுத்தது என்ன என்று கேட்டாள்.

கோமு முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"அவ சொல்ல மாட்டா," என்றார் நயினார். "கல்யாணம் ஆன நாள்லயிருந்து அப்படித்தான். ரேசன் கடையில ஆறு கிலோன்னு சொல்லாம, அஞ்சு ஒரு தடவை, ஒண்ணு ஒரு தடவைன்னு வாங்கிட்டு வருவா." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். மேஜையில் இருந்த பழைய தாளைப் பார்த்தார். பெயருக்கு முன்னால் இருந்த பொட்டை கிருபாமணி விரலால் காட்டினாள்.

அவர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்ச விசயம்தானம்மா இது. முப்பது வருசமாத் தெரியும். ஒரு சீட்டைப் பாத்ததும் எப்படி மறந்தேன்?"

எழுந்து வந்து மனைவியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோமு மறுபடி எழுதினாள். அந்த இடத்தில் பேனா நின்றது. இந்தத் தடவை அவள் கண்ணை மூடி மன்னிப்பு கேட்டது எல்லோருக்கும் தெரிந்தது. நயினார் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பெயரை எழுத்து எழுத்தாக எழுதினாள். வெளிச்சக் கோடு ஓடியது. சீட்டு வந்தது. கிருபாமணி சத்தமாக வாசிக்கவில்லை. சீட்டை அவர்கள் கையில் கொடுத்தாள். இருவரும் சேர்ந்து படித்தார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகத் தகவல் வந்தது. மெஷினைச் செய்த கம்பெனி அந்தப் பாடத்தை மற்ற ஊர்களில் இருக்கும் மெஷின்களுக்கும் அனுப்பியது. பேனாவை நிறுத்தி எழுதும் எத்தனையோ மனைவிமாருக்கு அதன் பிறகு சிக்கல் வரவில்லை. அடித்து இழுத்து வரப்பட்ட சிலர், வாய் திறக்காமலேயே தப்பித்தும் போனார்கள்.

பயம் என்ற பக்கத்தில் இருந்த அந்த ஒற்றைத் தாளை எழுதியது யார் என்று மீரானுக்கு இன்றும் தெரியாது. கோமுவுக்கும் தெரியாது. பெனிட்டாவுக்கும் தெரியாது.

அன்று மத்தியானம், பெண்கள் போன பஸ் மறைந்த பிறகு, கிருபாமணி வீட்டுக்குள் வந்து வாசல் கதவைத் தாழிட்டாள். ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டாள். காலித் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேஜையில் உட்கார்ந்து, கைகூப்பி, உதட்டை அசைத்து ஜெபித்தாள். ஒரு தாளை எடுத்தாள்.

நான் என்று எழுதினாள். அதற்கு மேல் பேனா போகவில்லை.

வீட்டில் யாரும் இல்லை. கணவனின் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வருவது எத்தனையோ வருட வழக்கம். இருந்தும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்பதுபோல் முதுகு கூசியது. இடது தோளில் அடி விழுந்த பழைய இடம் வலித்தது. ஊரே மரியாதை என்று மெச்சிக்கொண்டதை அவள் ஒரு நாளும் மறுத்ததில்லை. மறுத்திருந்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

துண்டை மடித்து மடித்துப் பிரித்த நயினாரின் கையை நினைத்துக்கொண்டாள்.

அன்பையா என்று எழுதினாள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு ஓடின. கடைசிக் கால் தாளைக் கிழித்துவிட்டது. மனைவி, இதை என் கையால் எழுதுகிறேன் என்று வாக்கியத்தை முடித்தாள். தாளைக் கண்ணாடியில் குப்புற வைத்து மூடினாள். மெஷினின் திரையில் மரியாதையா, பயமா என்று இரண்டு கட்டங்கள் வந்தன. அவள் விரலை வைத்தாள். வெளிச்சம் ஒரு முறை ஓடி நின்றது.

தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, சமையலறைக் குப்பையில் டீத்தூளுக்கு அடியில் போட்டாள். ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்து ஜன்னல் திரையை விலக்கினாள், வாசல் கதவைத் திறந்து வைத்தாள். யாரோ ஒருவர் விடுதலைப் பத்திரத்தோடு படியேறி வந்துகொண்டிருந்தார்.